அமெரிக்காவில் ஐ.ஆர்.ஏ. கணக்கு: எவ்வளவு போடலாம், எந்த வகை நல்லது, ஊர் திரும்பினால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான். டெக்சாஸில் கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார், கம்பெனியில் 401கே என்ற ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. மனைவி எச்-4 விசாவில் இருக்கிறார், சம்பளம் இல்லை. 401கே பிடித்தம் போக ஆண்டு வருமானம் ஏறக்குறைய 1,60,000 டாலர். ஐந்தாறு ஆண்டில் கோயம்புத்தூர் திரும்பும் எண்ணம் உண்டு, ஆனால் முடிவாகவில்லை. ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கைத் திறக்கலாமா? ட்ரெடிஷனல் வகையா (வரி எடுக்கும்போது), ராத் வகையா (வரி போடும்போதே)?

திறக்கலாம், இருவரும் திறக்கலாம். கணவருக்கு ராத்தான் பொருந்தும். மனைவிக்கு இரண்டு கதவும் திறந்திருக்கிறது. அவருக்கு எது என்பதை, கடைசியில் அந்தப் பணத்துக்கு வரி போடப்போவது அமெரிக்காவா இந்தியாவா என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். “இப்போது வரி கட்டலாமா, பிறகு கட்டலாமா” என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அமெரிக்காவிலேயே தங்கப் போகிறவர்களுக்குச் சரி. திரும்பப் போகிறவர்களுக்கு அது பாதிக் கணக்குதான்.

முதலில் அடிப்படை. ஐ.ஆர்.ஏ. என்பது முதலீடு அல்ல, முதலீட்டை வைக்கும் கணக்கு. 1974இல் வந்த ஓய்வூதியச் சட்டத்தில் பிறந்தது ட்ரெடிஷனல் வகை. ராத் வகை 1997 சட்டத்தால் வந்து 1998இல் நடைமுறைக்கு வந்தது. டெலவேர் மாநில செனட்டர் வில்லியம் ராத் பெயரைத் தாங்கியிருக்கிறது. கணக்கு திறந்து பணம் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, உள்ளே எந்த ஃபண்டும் வாங்காமல் பல ஆண்டு ரொக்கமாகவே விட்டுவைப்பவர்கள் நிறைய. பணம் போய்ச் சேர்ந்த பிறகு இன்டெக்ஸ் ஃபண்டோ டார்கெட் டேட் ஃபண்டோ நீங்கள்தான் வாங்க வேண்டும். 401கேயில் சம்பளத்திலிருந்து போகும் பணம் தானாகவே ஃபண்டுக்குள் போய்விடுவதால் இங்கேயும் அப்படித்தான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

2026 வரி ஆண்டுக்கு ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பு 7,500 டாலர். 50 வயது ஆனவர் மேலும் 1,100 சேர்க்கலாம். 2025 வரி ஆண்டுக்கு இது 7,000, கூடுதல் 1,000. ட்ரெடிஷனல், ராத் இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த வரம்பு, தனித்தனியாக இல்லை. 401கேயின் வரம்பு வேறு; அது 2026இல் 24,500. இரண்டையும் முழுதாகப் போடத் தடையில்லை. ஒரு வரி ஆண்டுக்கான ஐ.ஆர்.ஏ. பணத்தை அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 வரை போடலாம். வரித் தாக்கலுக்கு அக்டோபர் வரை அவகாசம் வாங்கினாலும் இந்தத் தேதி நகராது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நாட்களில் பணம் அனுப்பும்போது எந்த ஆண்டுக்கு என்று திரையில் கேட்பார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் நடப்பு ஆண்டில் போய் விழும், போன ஆண்டின் இடம் திரும்ப வராது.

போடும் பணத்துக்குப் பின்னால் உழைப்பு வருமானம் இருக்க வேண்டும். வட்டி, டிவிடெண்ட், வாடகை, ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணம் எதுவும் கணக்கில் வராது. ஆனால் கணவனும் மனைவியும் கூட்டாக வரித் தாக்கல் செய்தால், ஒருவர் சம்பளத்தை வைத்து மற்றவருக்கும் போடலாம். எச்-4 மனைவிக்கு வேலை அனுமதி இல்லாவிட்டாலும் இது செல்லும். கணக்கு அவர் பெயரில் மட்டுமே இருக்கும், கூட்டுக் கணக்காக ஐ.ஆர்.ஏ. கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் மட்டும் வைத்திருப்பவருக்குச் சில நிறுவனங்கள் கணக்கு திறப்பதில்லை, சில திறக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் போன் செய்து கேட்டுவிடுவது நல்லது.

இனி ட்ரெடிஷனல். இதில் போடும் பணத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். உள்ளே வளர்வதற்கு ஆண்டுதோறும் வரி இல்லை. எடுக்கும்போது முழுத் தொகையும் சம்பளம்போல வரிக்கு உட்படும். பங்கில் வந்த லாபமாக இருந்தாலும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கான சலுகை விகிதம் இங்கே கிடைக்காது. இந்தக் கழிவு எல்லோருக்கும் கிடையாது. வேலையிடத்தில் ஓய்வூதியத் திட்டம் இருப்பவருக்கு வருமான வரம்பு உண்டு. 2026இல் தனிநபருக்கு 81,000 டாலரில் குறையத் தொடங்கி 91,000இல் கழிவு பூஜ்யமாகிறது; கூட்டுத் தாக்கலில் 1,29,000 முதல் 1,49,000 வரை. தனக்கு வேலையிடத் திட்டம் இல்லை, துணைக்கு மட்டும் இருக்கிறது என்றால் 2,42,000 முதல் 2,52,000 வரை. இருவருக்குமே திட்டம் இல்லையென்றால் வரம்பே இல்லை. கம்பெனி தரும் W-2 சம்பளப் படிவத்தின் 13ஆம் பெட்டியில் “ரிட்டயர்மென்ட் பிளான்” குறி விழுந்திருந்தால் உங்களுக்குத் திட்டம் உண்டு என்று பொருள்.

இந்தத் தம்பதியின் எண்ணை இதில் பொருத்திப் பாருங்கள். கணவருக்கு 401கே இருக்கிறது, வருமானம் 1,49,000ஐத் தாண்டிவிட்டது. அவர் ட்ரெடிஷனலில் போட்டால் ஒரு டாலர்கூடக் கழிக்க முடியாது. மனைவிக்குத் திட்டம் இல்லை, வருமானம் 2,42,000க்குக் கீழே. அவர் பெயரில் போடும் 7,500 முழுவதையும் கழிக்கலாம். 1,60,000இல் கூட்டுத் தாக்கலுக்கான நிலையான கழிவு, அதாவது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 32,200 போக மிச்சம் 1,27,800. அது 22 சதவீத வரிப் படியில் விழுகிறது. ஆக இந்த ஆண்டு மிச்சமாகும் கூட்டரசு வரி 1,650 டாலர். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் அந்த வகையில் கூடுதல் லாபம் இல்லை. ஒரே வீட்டில் கணவருக்குக் கழிவு கிடைக்காது, மனைவிக்கு முழுதாகக் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாததால், “நமக்கு வருமானம் அதிகம்” என்று இருவருமே விட்டுவிடுகிறார்கள்.

கழிவு இல்லாமல் ட்ரெடிஷனலில் பணத்தை வைத்திருப்பது இருப்பதிலேயே மோசமான தேர்வு. போடும்போதும் வரி கட்டியாயிற்று, வளர்ச்சிக்கும் எடுக்கும்போது முழு விகிதத்தில் வரி. அதை உடனே ராத்துக்கு மாற்றும் திட்டம் இருந்தால் மட்டும் போடலாம்.

ராத்தில் போடும்போது கழிவு இல்லை. வளர்ச்சிக்கு வரி இல்லை, விதிப்படி எடுத்தால் அப்போதும் வரி இல்லை. வருமான வரம்பு 2026இல் தனிநபருக்கு 1,53,000 முதல் 1,68,000 வரை, கூட்டுத் தாக்கலுக்கு 2,42,000 முதல் 2,52,000 வரை. இந்தத் தம்பதி இருவரும் நேரடியாகவே போடலாம்.

இங்கே எச்-1பிக்காரர்கள் விழும் ஒரு குழி இருக்கிறது. மனைவி ஊரிலேயே இருக்கிறார், அல்லது அந்த ஆண்டு வரிச் சட்டப்படி நான்-ரெசிடென்டாக, அதாவது அங்கே வசிக்காதவராக, இருந்ததால் தனித்தனியாகத் தாக்கல் செய்தீர்கள் என்று வையுங்கள். ஆண்டில் ஒரு நாளாவது துணையோடு சேர்ந்து வாழ்ந்த நிலையில் மணமானவர் தனியாகத் தாக்கல் செய்தால் ராத்தின் வரம்பு பூஜ்யத்திலிருந்து 10,000 டாலர்தான். 10,000 சம்பாதிக்கும் எவரும் நேரடியாக ஒரு டாலர்கூடப் போட முடியாது. அமெரிக்கா வந்த முதல் ஆண்டிலும், எஃப்-1 மாணவராக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளிலும் பலர் நான்-ரெசிடென்டாக இருப்பதால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எஃப்-1இல் இருந்து ஓ.பி.டி. என்ற மாணவர் வேலை அனுமதியில் சம்பளம் வாங்கும் மணமாகாதவர் தனிநபர் வரம்புக்குள் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

ராத்தின் பெரிய வசதி, எடுக்கும் வரிசை. ஒருவருடைய எல்லா ராத் ஐ.ஆர்.ஏ.க்களையும் ஒன்றாகக் கருதி, முதலில் வெளியே வருவது நேரடியாகப் போட்ட பணம், அடுத்து ட்ரெடிஷனலிலிருந்து மாற்றிப் போட்ட பணம், கடைசியில்தான் வளர்ச்சி என்று அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கொள்கிறது. நேரடியாகப் போட்ட பணத்தை எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும், வரியும் அபராதமும் இல்லாமல் எடுக்கலாம். ஐந்து ஆண்டில் 37,500 போட்டு அது 50,000 ஆகியிருந்தால் 37,500 வரை தொல்லையில்லை. மிச்சம் 12,500ஐ 59½ வயதுக்கு முன் தொட்டால் அதற்கு வருமான வரியோடு 10 சதவீத அபராதம் 1,250 டாலர். 59½ வயது ஆகியிருந்தாலும் வளர்ச்சி வரியில்லாமல் வர, முதல் ராத் கணக்குக்கு ஐந்து வரி ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை முதன்முதலில் போட்ட வரி ஆண்டின் ஜனவரி 1இல் தொடங்குகிறது. 2027 ஏப்ரலில் 2026க்காக 50 டாலர் போட்டாலும் கடிகாரம் 2026 ஜனவரியிலிருந்து ஓடும். இப்போது பெரிதாகப் போட வசதி இல்லாதவர்கூட ஒரு சிறு தொகையாவது போட்டுக் கடிகாரத்தைத் தொடங்கி வைப்பது புத்திசாலித்தனம். மாற்றிப் போட்ட பணத்துக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி ஐந்து ஆண்டு உண்டு. அது 10 சதவீத அபராதத்துக்காக மட்டும்.

பிற்காலத்தில் மனைவியும் வேலைக்குப் போய் வருமானம் 2,52,000ஐத் தாண்டினால் “பேக்டோர் ராத்” வழி இருக்கிறது. ட்ரெடிஷனலில் கழிவு கோராமல் 7,500 போட வேண்டும். பணம் கணக்கில் முழுதாக வந்து சேர்ந்ததும், ஃபண்டு எதுவும் வாங்காமல், முழுதையும் ராத்துக்கு மாற்ற வேண்டும். இடையில் சேர்ந்த சில டாலர் வட்டியையும் விடாமல் மாற்றுங்கள், அந்த வட்டிக்கு மட்டும் வரி. பிறகுதான் ராத்துக்குள் முதலீடு. வரித் தாக்கலில் படிவம் 8606 இணைக்க வேண்டும். மாற்றத்துக்கு வருமான வரம்பு 2010 முதல் இல்லை, அதனால்தான் இந்த வழி செல்லுகிறது. மாற்றம் எந்தக் காலண்டர் ஆண்டில் நடந்ததோ அந்த ஆண்டின் கணக்கில் வரும். ஏப்ரல் 15 சலுகை போடுவதற்குத்தான், மாற்றுவதற்கு இல்லை.

இதில் அடிபடுவது புரோ-ரேட்டா (விகிதப் பங்கு) விதியால். மாற்றம் செய்த ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்கள் பெயரில் உள்ள எல்லா ட்ரெடிஷனல் ஐ.ஆர்.ஏ.க்களையும், சிறு தொழில்களுக்கான செப், சிம்பிள் ஐ.ஆர்.ஏ.க்களையும் ஒரே குவியலாகக் கருதுவார்கள். பழைய கம்பெனியின் 401கேயிலிருந்து ரோல்ஓவர் செய்த, அதாவது இடம் மாற்றிய, 30,000 டாலர் ஒரு ஐ.ஆர்.ஏ.யில் இருக்கிறது, புதிதாகக் கழிவில்லாத 7,500 போட்டு அதை மட்டும் மாற்றினீர்கள் என்று கொள்வோம். மொத்தம் 37,500, அதில் வரி கட்டிய பங்கு ஐந்தில் ஒன்று. ஆகவே மாற்றிய 7,500இல் 1,500க்குத்தான் வரி இல்லை, 6,000 அந்த ஆண்டின் வருமானத்தோடு சேரும். “நான் வேறு நிறுவனத்தில் தனிக் கணக்கில்தான் போட்டேன்” என்பது செல்லாது. தீர்வு, அந்த 30,000ஐ டிசம்பர் 31க்குள் இப்போதைய கம்பெனியின் 401கேக்குள் அனுப்பிவிடுவது. எல்லாத் திட்டங்களும் உள்வரவை ஏற்பதில்லை, அதனால் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் ட்ரெடிஷனலில் பணம் போட வேண்டும். 2018 முதல் ராத் மாற்றத்தைத் திருப்ப முடியாது. ஒரு நல்ல செய்தி: இந்தக் குவியல் ஆளுக்கு ஆள் தனி. மனைவியின் ட்ரெடிஷனல் இருப்பு கணவரின் பேக்டோரைக் கெடுக்காது. ஆனால் மனைவி இப்போது கழிவோடு ட்ரெடிஷனலில் சேர்த்தால், நாளைக்கு அவருடைய பேக்டோருக்கு அதே இருப்பு இடைஞ்சலாகும்.

படிவம் 8606ஐ இருவரும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். வரி மென்பொருளில், கணக்கிலிருந்து வெளியே போன பணத்தைக் காட்டும் 1099-ஆர் படிவத்தின் எண்களை மட்டும் போட்டுவிட்டு, “ட்ரெடிஷனலில் கழிவில்லாமல் போட்டேன்” என்ற கேள்வியைத் தாண்டிப் போனால் முழு 7,500க்கும் இரண்டாம் முறை வரி விழும். கழிவில்லாமல் போட்ட தொகைக்கு இருக்கும் ஒரே ஆதாரம் இந்தப் படிவம்தான். இருபது ஆண்டு கழித்து யாரும் உங்களுக்காக அதைத் தேடித் தரமாட்டார்கள், எல்லா ஆண்டின் நகலையும் பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்புக்கு மேல் போட்டுவிட்டால் அந்த உபரி உள்ளே இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 6 சதவீத அபராத வரி. போனஸ் வந்து வருமானம் ராத் வரம்பைத் தாண்டியதைக் கவனிக்காமல் 7,500 விட்டால் ஆண்டுக்கு 450 டாலர், எடுக்கும்வரை. வரித் தாக்கலை உரிய நேரத்தில் செய்திருந்தால் அக்டோபர் 15 வரை சரிசெய்யலாம்: உபரியையும் அதன் வளர்ச்சியையும் எடுக்கலாம், அல்லது அந்தத் தொகையை ட்ரெடிஷனலில் போட்டதாக மாற்றி எழுதச் சொல்லலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் சாதாரணமாகப் பணம் எடுக்கும் பொத்தானை அழுத்தினால் அது இந்தத் திருத்தம் ஆகாது. “அதிகப்படி போட்டதைத் திரும்ப எடுத்தல்” என்று தனிப் படிவம் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ராத் போடுபவர்கள் ஜனவரியிலேயே போடாமல், ஆண்டு வருமானம் தெரிந்தபின் அடுத்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் போட்டால் இந்தத் தலைவலியே வராது. சந்தையில் சில மாதங்களை இழப்பது உண்மைதான். வரம்புக்கு வெகு கீழே இருக்கும் இந்தத் தம்பதி காத்திருக்க வேண்டியதில்லை.

ட்ரெடிஷனலிலிருந்து 59½க்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீதம். கலிஃபோர்னியாவில் மாநிலமும் தன் பங்குக்கு 2.5 சதவீதம் கூட்டுகிறது. விலக்குகள் உண்டு: முதல் வீடு வாங்க வாழ்நாளில் 10,000 வரை, உயர்கல்விக் கட்டணம், குழந்தை பிறப்பு அல்லது தத்தெடுப்புக்குக் குழந்தைக்கு 5,000, வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டிய மருத்துவச் செலவு, உடல் ஊனம். இவை அபராதத்தைத்தான் நீக்கும், வருமான வரியை அல்ல. இந்தியா திரும்புவது என்று ஒரு விலக்கு கிடையாது.

வேலை மாறும்போது 401கேயை நகர்த்துவதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பணம் நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கே போக வேண்டும், காசோலை உங்கள் பெயரில் வரக்கூடாது. உங்கள் பெயரில் வந்தால் 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 40,000இல் கையில் வருவது 32,000. அறுபது நாளுக்குள் முழு 40,000மும் ஐ.ஆர்.ஏ.யில் சேர, மிச்சம் 8,000ஐ நீங்கள் சொந்தக் கையிலிருந்து போட்டு, வரித் தாக்கலில் திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டும். போடாவிட்டால் அந்த 8,000 செலவானதாகக் கணக்கு, வரியும் அபராதமும் வரும். எச்-1பியில் வேலை போய், அறுபது நாள் விசா அவகாசமும் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த அறுபது நாளையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம்.

சில்லறையாக இன்னும் இரண்டு. சாதாரணக் கணக்கில் ஒரு பங்கை நஷ்டத்தில் விற்று, முப்பது நாளுக்குள் அதையே ஐ.ஆர்.ஏ.யில் வாங்கினால் அந்த நஷ்டத்தைக் கோரும் உரிமை நிரந்தரமாகப் போய்விடும். சாதாரணக் கணக்கில் வாங்கியிருந்தால் குறைந்தபட்சம் வாங்கிய விலையோடு சேர்ந்திருக்கும். ஐ.ஆர்.ஏ.யிலிருந்து கடன் வாங்க முடியாது. அதை ஈடு வைத்தால் ஈடு வைத்த பகுதியை வெளியே எடுத்ததாகவே கொள்வார்கள்.

கட்டாயமாக எடுக்க வேண்டிய வயது, 1951 முதல் 1959க்குள் பிறந்தவர்களுக்கு 73, 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 75. ராத்தின் உரிமையாளருக்கு இந்தக் கட்டாயம் வாழ்நாள் முழுதும் இல்லை. எடுக்கத் தவறினால் தவறிய தொகையில் 25 சதவீத அபராதம், இரண்டு ஆண்டுக்குள் சரிசெய்தால் 10. ஊர் திரும்பி முப்பது ஆண்டு ஆகியிருந்தாலும் இந்த விதி உங்களைத் தேடி வரும்.

இனி ஊர் திரும்புவது. திரும்பிய பின் இந்திய வரிச் சட்டம் உங்களை முதலில் ஆர்.என்.ஓ.ஆர். (வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லாதவர்) என்ற இடைநிலையில் வைக்கும். அதற்கு, முந்தைய பத்து நிதியாண்டில் ஒன்பதில் வெளிநாட்டுவாசியாக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய ஏழு நிதியாண்டில் இந்தியாவில் மொத்தம் 729 நாள் அல்லது அதற்குக் குறைவாக இருந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு இது இரண்டு நிதியாண்டு கிடைக்கும், திரும்பும் தேதியைப் பொறுத்துச் சிலருக்கு மூன்று. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கணக்கின் வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. அது முடிந்ததும் உலகம் முழுவதிலும் வரும் வருமானத்துக்கு இந்தியா வரி கேட்கும். ஐ.ஆர்.ஏ.க்குள் வரும் டிவிடெண்டையும் லாபத்தையும் அமெரிக்கா தள்ளிப்போடுகிறது என்பதற்காக இந்தியாவும் தள்ளிப்போட வேண்டிய கட்டாயம் முன்பு இல்லை. ஒரு நாடு இப்போது வரி கேட்க, மறுநாடு இருபது ஆண்டு கழித்துக் கேட்க, ஒன்றில் கட்டியதை மற்றதில் ஈடுகட்ட முடியாமல் போனது.

இதற்காக 2021 நிதிச் சட்டத்தில் பிரிவு 89ஏ வந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் அறிவிக்கப்பட்டன. படிவம் 10இ.இ.யை ஆண்டு வரித் தாக்கலின் கடைசித் தேதிக்குள் இணையத்தில் கொடுத்தால், அமெரிக்கா வரி போடும் ஆண்டில்தான் இந்தியாவும் போடும். ஒருமுறை கொடுத்தால் பிற்பட்ட ஆண்டுகளுக்கும் அதுவே செல்லும், திரும்பப் பெற முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. தாக்கல் செய்யும் ஆண்டில் எந்த எண்ணுள்ள படிவம் என்று பார்த்துக் கொடுங்கள்.

இந்தப் பிரிவு எந்தக் கணக்குக்குப் பொருந்தும் என்று சொல்லும் வாசகத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். வருமானம் சேரும்போது வரி இல்லாமல், எடுக்கும்போது அந்த நாட்டில் வரி விதிக்கப்படும் ஓய்வூதியக் கணக்கு என்கிறது அது. ட்ரெடிஷனலும் 401கேயும் இதற்குள் அச்சாகப் பொருந்தும். ராத்துக்கு எடுக்கும்போது வரி இல்லை. எழுத்தின்படி படித்தால் ராத் வெளியே நிற்கிறது. அமெரிக்காவில் வாழ்நாள் முழுதும் வரியில்லை என்று நம்பிச் சேர்த்த ராத்தின் வளர்ச்சிக்கு, ஆர்.என்.ஓ.ஆர். காலம் முடிந்த பிறகு இந்தியா ஆண்டுதோறும் வரி கேட்க இடமிருக்கிறது. ஈடுகட்ட அமெரிக்க வரியும் இருக்காது. ராத்தின் பெருமையைப் பேசும் அமெரிக்க வழிகாட்டிகள் எதிலும் இது வராது, அவை திரும்பிப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல.

ஆகவே என் கணிப்பு இது. திரும்புவது முக்கால்வாசி உறுதியென்றால் மனைவிக்கு ட்ரெடிஷனல்: இன்று 22 சதவீதக் கழிவு, நாளை 89ஏ பாதுகாப்பு. கணவருக்கு ராத், ஆனால் அதை முதுமைக்கான பணமாகப் பார்க்காமல் திரும்பும் நாளுக்கான கையிருப்பாகப் பாருங்கள். போட்ட தொகையை அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் ஆண்டிலோ ஆர்.என்.ஓ.ஆர். காலத்துக்குள்ளோ எடுத்துவிட்டால் இரு நாட்டிலும் வரியில்லை. வளர்ச்சியை மட்டும் விட்டுவைப்பதா, வரியும் 10 சதவீதமும் கட்டி வெளியே எடுப்பதா என்பது தொகையைப் பொறுத்தது; சிறிய தொகைக்கு எடுத்துவிடுவதே மேல். தங்கிவிடுவதுதான் நடக்கும் என்று தோன்றினால் இருவருக்கும் ராத்.

திரும்பிய பின் எடுப்பதில் நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. நான்-ரெசிடென்ட் ஆனதும் நிறுவனம் வழக்கமாக 30 சதவீதம் பிடிக்கும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவு, ஓய்வூதியத்துக்கு வசிக்கும் நாடு மட்டுமே வரி போடலாம் என்கிறது. ஆனால் அங்கே ஓய்வூதியம் என்பது தவணை தவணையாக வருவது. மொத்தமாக எடுக்கும் தொகைக்கு அந்தச் சலுகையைக் கோருவது பலவீனமான வாதம். தவணையாக எடுப்பவர் நான்-ரெசிடென்டுகள் நிறுவனத்துக்குத் தரும் டபிள்யூ-8பென் படிவத்தில் ஒப்பந்தப் பிரிவைக் குறித்துக் கொடுக்கலாம். ஒப்பந்தம் பொருந்தாத இடத்தில் நான்-ரெசிடென்டுக்கான 1040-என்.ஆர். படிவம் தாக்கல் செய்யும்போது ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள், முதல் டாலரிலிருந்தே வரி. கிரீன் கார்டு வைத்திருப்பவர் திரும்பினாலும் அதை ஒப்படைக்கும்வரை அமெரிக்க வரிவாசிதான். கடந்த பதினைந்தில் எட்டு வரி ஆண்டாவது கார்டு வைத்திருந்து, 20 லட்சம் டாலருக்கு மேல் சொத்தோடு ஒப்படைத்தால், முந்தைய நாளே முழு ஐ.ஆர்.ஏ.யையும் எடுத்ததாக வரி போடுவார்கள்.

சில நிறுவனங்கள் இந்திய முகவரி கொடுத்ததும் புதிதாக ஃபண்டு வாங்க விடுவதில்லை, சில கணக்கை வேறெங்காவது கொண்டுபோகச் சொல்கின்றன. கிளம்பும் முன் எழுத்தில் கேட்டு, தேவையானால் அங்கிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஓ.டி.பி. வரும் அமெரிக்க போன் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். இந்தியாவில் முழு ரெசிடென்ட் ஆனபின் இந்தக் கணக்குகளை வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணை எஃப்.ஏ.யில் காட்ட வேண்டும். அதில் வரும் காலம் நிதியாண்டு அல்ல, காலண்டர் ஆண்டு. காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவற்றுக்கு மட்டும் இந்த அபராதத்திலிருந்து விலக்கு. மூன்று நான்கு ஆண்டு ஐ.ஆர்.ஏ. சேமிப்பே இன்றைய டாலர் மதிப்பில் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

கணக்கு திறக்கும் அன்றே நாமினியையும் மாற்று நாமினியையும் எழுதிவிடுங்கள். ஐ.ஆர்.ஏ. யாருக்குப் போகும் என்பதை உயில் அல்ல, நிறுவனத்தில் கொடுத்த நாமினிப் படிவம்தான் தீர்மானிக்கும். திருமணத்துக்கு முன் அம்மா பெயர் எழுதியிருந்து மாற்றாமல் விட்டால் மனைவிக்குப் போகாது. துணைக்குக் கிடைத்தால் தன் கணக்காகவே ஆக்கிக்கொள்ளலாம். வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தால் பத்து ஆண்டுக்குள் காலி செய்ய வேண்டும். பெரிய தொகை சேர்த்துவிட்டு நிரந்தரமாக இந்தியா திரும்பியவர்கள் இதையும் பார்க்க வேண்டும்: அமெரிக்கக் குடிமகன் அல்லாத, அங்கே நிலையாக வசிக்காத ஒருவர் இறந்தால், அமெரிக்கப் பங்குகளும் ஃபண்டுகளும் உள்ள ஐ.ஆர்.ஏ. அமெரிக்க எஸ்டேட் வரிக்குள், அதாவது இறந்தவர் சொத்துக்கான வரிக்குள், வரும். அங்கே வசிப்பவர்களுக்கு மில்லியன் கணக்கில் விலக்கு. இப்படிப்பட்டவருக்கு வெறும் 60,000 டாலர், அதற்கு மேல் 40 சதவீதம் வரை வரி. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் எஸ்டேட் வரி ஒப்பந்தம் இல்லை. 401கேயையும் இரண்டு ஐ.ஆர்.ஏ.யையும் சேர்த்தால் அந்த 60,000 எளிதில் தாண்டிவிடும் தொகை. அதனால் எவ்வளவு பணத்தை அமெரிக்காவில் விட்டுவைப்பது, எவ்வளவை ஆர்.என்.ஓ.ஆர். காலத்துக்குள் கொண்டுவருவது என்பதை, விமான டிக்கெட் போடும் முன்பே, இரு நாட்டு வரியும் தெரிந்த ஒரு கணக்காளரிடம் எண்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடுங்கள்.